முன்னிருக்கை

பல் டாக்டருக்குப் பழைய விமானம் என்றால் உயிர். கண்காட்சியில் எந்த விமானத்தைப் படம் பிடித்தாரோ, அதையே வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டில் ஓட்டிப் பார்த்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். மனைவி அந்தக் கம்ப்யூட்டரைச் சக்களத்தி என்பாள்.

அன்று ஓட்டியது கூரையில்லாத இரட்டை இறக்கை விமானம். ஓட்டுபவருக்குப் பின்னிருக்கை, பயணிக்கு முன்னிருக்கை. திரையில் தங்கள் தெரு வந்ததும் ஆசை யாரை விட்டது? மொட்டை மாடியை உரசுவதுபோல் தாழப் பறந்து, இறக்கைகளை ஆட்டி ஒரு வணக்கம் வைத்தார்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி தடதடவென்று இறங்கி வந்தாள்.

"ஏங்க, எவனோ கிறுக்கன் பழைய பிளேன்ல நம்ம தலைக்கு மேலயே போறான்! றெக்கைய வேற ஆட்டுறான். நீலத் துண்டு கிளிப்போட பிய்ச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

"எத்தனை றெக்கை?"

"ரெண்டடுக்கு. பின்னாடி இருந்தவன் உங்கள மாதிரியே கூன் போட்டு உக்காந்திருந்தான். முன்னாடி இருந்தவருதான் பாவம், துண்ட எட்டிப் பிடிச்சாரு."

டாக்டர் தனியாகத்தான் பறந்தார். இருந்தாலும் பார்வையை முன்னிருக்கைக்கு மாற்றும் பொத்தானை அழுத்தினார்.

அங்கே யாருமில்லை. ஈரம் காயாத நீலத் துண்டு மட்டும் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கிளிப் அதன்மேல் இருந்தது.

திரையின் விளிம்பிலிருந்து கீபோர்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.