முறுக்குச் சாட்சி

"பஷீருதீன் குடைக்கடையக் காலி பண்ண வைக்க இன்னா வழி சார்?" செங்கல்பட்டு வக்கீலிடம் கேட்டார் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் கோதண்டராமன்.

"உங்களைக் கேட்காம உள்வாடகைக்கு விட்டிருக்கானா? கோர்ட்டுல அது ஒண்ணு போதும்."

"வுட்டுகீறான் சார்! கடையில பாதிய எவளோ முறுக்குக்காரிக்கு வுட்டுகீறான். சாட்சிக்கு ஒரு பையன வுட்டு வாங்கியாரச் சொன்னேன், பாருங்க."

வக்கீல் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கடித்தார். இன்னொன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதம்! ஆனா எல்லாம் இடப்பக்கமா சுத்தியிருக்கே. இடது கைக்காரி போல. அவளையும் கேஸுல சேர்க்கணும். பேர் என்ன?"

கோதண்டராமன் ஒரு முறுக்கை எடுத்துப் பார்த்தார். ஒரு கடி கடித்தார். பொட்டலத்தை மெதுவாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"கேஸு வேணாம் சார்."

"ஏன்யா? ஜெயிக்கிற கேஸு!"

"ஜெயிச்சிட்டு நான் எப்பிடி சார் வூட்டுக்குப் போறது? எம் பொண்டாட்டிக்கு இடது கைப் பழக்கம்."