டவுன் பஸ்ஸில் குடியிருந்த மைனா

அந்த மைனாவுக்கு மரம் என்றாலே இளக்காரம். டவுன் பஸ்ஸின் கூரையில் ஒரு ஓட்டையைப் பார்த்ததும் பெண்டாட்டியை அங்கேயே முட்டையிடச் சொல்லிவிட்டது. மூன்று குஞ்சுகள் பொரிந்தன. புழு பிடித்துக்கொண்டு திரும்பினால் வீடு மார்க்கெட்டுக்குப் போயிருக்கும். மார்க்கெட்டுக்குப் போனால் ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்கும். துரத்தித் துரத்தியே பெண்டாட்டி மைனா பாதியாக இளைத்துப்போனது.

ஆண் மைனாவுக்கோ பெருமை தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தில் கம்பியும் குச்சியுமாகக் கூடு கட்டியிருந்த காக்காவிடம் போய்ப் பீற்றிக்கொள்ளும்.

"உங்க பிள்ளைங்க இந்த டீக்கடையையும் சாக்கடையையும் தவிர என்னத்தண்ணே பாத்துச்சு? எம் பிள்ளைங்க ஊரையே சுத்துதுங்க!"

"சுத்தட்டும் தம்பி," என்று காக்கா சிறகைக் கோதிக்கொள்ளும்.

ஒருநாள் காக்காக் குஞ்சுகள் கிளையை உதைத்து எகிறின. தட்டுத்தடுமாறி டீக்கடையின் தகரக் கூரையில் போய் உட்கார்ந்தும் விட்டன. மைனாவுக்கு வயிறு எரிந்தது. ஸ்டாண்டில் நின்றிருந்த பஸ்ஸுக்குப் பறந்து போய்க் கத்தியது.

"உங்களுக்கும்தான் றெக்கை முளைச்சிருக்கு. எகிறுங்கடா, சோம்பேறிக் கழுதைங்களா!"

குஞ்சுகள் ஓட்டையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றன.

"நாங்களும் தினம் பாக்குறோம்ப்பா," என்றது மூத்தது. "எகிறலாம்னு காலை ஊனுனா வீடு நகந்துடுதே?"

மைனா வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசிலடித்தார். வீடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டது.