ரோஸியின் கண்

பனி விலகாத காலையில், கயிற்றைப் பிடித்தபடி ரோஸியோடு அரியலூர் மாட்டாஸ்பத்திரிக்கு வந்தாள் பஞ்சவர்ணம். யுத்தம் முடிந்து சீமைக்குக் கப்பலேறிய ரயில்வே துரைசாணி, தன்னிடம் வேலை பார்த்த பஞ்சவர்ணத்திடம் விட்டுப்போன குள்ளச் சடைநாய் அது.

"என்னம்மா செய்யுது?" என்றார் ஊருக்குப் புதிதான டாக்டர்.

"ஓயாம இருமுதுங்க. நடக்கையில பின்னங்காலைத் தூக்கிக்கிது."

"இந்த ஜாதிக்கு முட்டி நழுவும். பல்லும் சீக்கிரம் ஆடும். கழுத்துல கயிறு கட்டாதீங்க, மூச்சுக்குழல் நசுங்கும். நெஞ்சோட சேர்த்துக் கட்டுங்க."

டார்ச் விளக்கைச் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"கண்ணு ரெண்டும் போயிருச்சே. ஒரு வருஷமாவது இருக்கும். நீங்க கவனிக்கலையா?"

பஞ்சவர்ணம் ரோஸியின் முகத்தைத் தடவினாள்.

"இருக்காதுங்க. தெனமும் தண்டவாளம் தாண்டி, கடைத்தெரு வழியா என்னையக் கூட்டிட்டுப் போறதே இதுதான். அம்மை போட்டு எனக்குப் பார்வை போனதுலேருந்து இதை நம்பித்தான் நடக்கிறேன்."

டாக்டர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லம்மா. உங்க காலடிச் சத்தத்தை நம்பித்தான் இது நடந்திருக்கு."

திரும்பும்போது ரோஸியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதன் மூச்சு கழுத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது. தண்டவாளத்தருகே நின்று, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தொலைவில் எங்கோ குயில் மட்டும் கூவியது. கனவில் நடப்பதுபோல் இருந்தது அவளுக்கு. ஒரு வருடமாக வழி தெரிந்தது தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே, முதன்முறையாகப் பயமில்லாமல் காலெடுத்து வைத்தாள்.