ஈட்டிக்காரன் காலடியில் ஒரு கீறல்

“எங்க அண்ணன திருடன்னு சொல்றீங்க. அதையே நேரா சொல்லிட்டுப் போங்களேன்.”

“நான் எப்போ அப்படிச் சொன்னேன்? எடை குறையுதுன்னுதான் சொன்னேன்.”

மருந்துக் கடைக்காரர் ஒரு குட்டி வில்லாளியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஈயத்தில் வார்த்த தட்டைப் பொம்மை. விரல் உயரம், காசு கனம். முன்னால் பார்த்தால் வீரன், பக்கவாட்டில் பார்த்தால் வெறும் கோடு. இப்படிக் காவலர்கள், சூனியக்காரிகள், குதிரைப்படை என்று ஓர் அலமாரி நிறைய வைத்திருந்தார். விடுமுறை நாளானால் சாப்பாட்டு மேஜையில் அட்டைக் கோட்டையும் காடும் முளைத்துவிடும். பகடை உருட்டிப் போர் நடக்கும். எதிரணி எப்போதும் மச்சான்தான், அதாவது மனைவியின் அண்ணன். பொம்மைகளை வாங்கிக்கொண்டு போய்ப் பெயிண்ட் அடித்துத் தருபவரும் அவரே. கடைக்காரருக்குச் சேர்க்கத்தான் தெரியும். பிரஷ்ஷைப் பிடித்தால் கை தனி ஆட்டம் போடும்.

“பெயிண்ட் ஏறினா எடை கூடணும். இது எப்படிக் குறையும்?”

“உங்க கை என்ன தராசா?”

“மூக்கைப் பாரு. கத்தி மாதிரி இருந்தது, மழுங்கிக் கிடக்கு. உங்க அண்ணனுக்கு என்ன வேலை? பல் செட் செய்யற வேலை. நாள் பூரா அச்சுதான், வார்ப்புதான். அவருக்கு என் பொம்மைய அச்சு எடுக்க எவ்வளவு நேரமாகும்? அசலை அவர் வச்சுக்கிட்டு, நகலுக்குப் பெயிண்ட் அடிச்சு எனக்கு அனுப்பறார்.”

“உங்களுக்குப் பல்லு கட்டினதும் எங்க அண்ணன்தான். அதுவும் அசல் இல்லதான். நல்லா மென்னுதானே சாப்பிடறீங்க?”

சிரிக்க வேண்டிய இடம். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அவரைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போய்விட்டால் அப்புறம் இந்த வீட்டில் நிம்மதி இருக்காது என்பது கடைக்காரருக்கும் தெரியும். ஆனாலும் என்ன செய்வது? போலி மாத்திரையைத் தொட்டே கண்டுபிடித்துப் பழகிய விரல்கள். சும்மா இருக்கச் சொன்னால் கேட்குமா?

“இன்னிக்குத் தெரிஞ்சிடும்” என்றார். “ஈட்டிக்காரனுங்களைக் கொடுக்கறதுக்கு முன்னாடி, கால் தட்டுக்கு அடியில ஊசியால கீறி வச்சிருக்கேன். அங்க பெயிண்ட் படாது. கீறல் இருந்தா அசல்.”

“இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“உங்க அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.”

“அது போதாது. அவர் ஆசைப்பட்டுக் கேட்டுக்கிட்டே இருக்காரே, அந்த டிராகன். அதையும் பெயிண்ட் அடிக்கக் கொடுக்கணும்.”

கடைக்காரர் அலமாரியின் மேல்தட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அந்த டிராகனைப் பாதி ஆயுள் தேடி, ஒரு பழைய சாமான் கடையில் பிடித்திருந்தார். அதன் அச்சு எப்போதோ உடைந்துபோயிற்று; இனி அப்படி ஒன்று பிறக்காது. யாரையும் தொடக்கூட விட்டதில்லை. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்ததும், “சரி, கொடுக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மச்சான் தகரப் பெட்டியோடு உள்ளே வந்தார்.

“மாப்பிள்ளை, உங்க படை தயார்.”

பஞ்சு மெத்தையில் ஈட்டிக்காரர்கள் படுத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே அச்சுப் பிள்ளைகள், சிவப்புச் சட்டையில் பளபளத்தார்கள். கடைக்காரர் கைக்கு வந்த ஒருவனை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“என்ன மாப்பிள்ளை, காலைப் பிடிச்சுப் பாக்கறீங்க? ஆணி கீணி குத்தியிருக்கா?”

கீறல் இருந்தது. தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. அவருடைய அதே கீறல், நுனியில் லேசாக வளைந்து, அப்படியே இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பின்னாலேயே வெட்கம் வந்து பிடுங்கித் தின்றது. நிமிர்ந்தால் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான், உங்களைப் பத்தித் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சிடுங்க.”

“என்ன தப்பு? எனக்கு ஒன்னும் புரியலையே.”

“புரிய வேண்டாம், விடுங்க.” அலமாரியின் மேல்தட்டிலிருந்து டிராகனை எடுத்து மச்சான் கையில் வைத்தார். “உங்க இஷ்டம் போல அடிங்க. அவசரமில்ல.”

மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

“என் கண்ணு மாதிரி பாத்துக்கறேன், மாப்பிள்ளை. இன்னிக்கு ஆட்டம் வேண்டாம். இதை எப்படி அடிக்கணும்னு மனசுல ஓடுது, ஓடும்போதே உக்காந்துடணும்.”

தங்கை கொண்டுவந்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவளுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது. ஈட்டிக்காரர்களை ஒவ்வொருவராக எடுத்து, திருப்பிப் பார்த்து அலமாரியில் நிற்க வைத்தாள்.

“உங்களைச் சொல்லணும். ஒருத்தனைக்கூட விடாம அத்தனை பேருக்கும் கீறி வச்சிருக்கீங்க. அதுவும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி வளைச்சு. எங்க அண்ணன் மேல அவ்வளவு சந்தேகமா?”

கடைக்காரர் வாசலுக்கு ஓடினார். வண்டி தெருமுனை திரும்பிவிட்டிருந்தது. ஈட்டிக்காரர்களைப் பெயிண்டுக்குக் கொடுத்த அன்றைக்கு, முதல் பொம்மையைக் கீறி முடிப்பதற்குள் மச்சான் வந்து நின்றுவிட்டதால், அவர் கீறியது ஒருவனை மட்டும்தான்.