கம்பெனிக்குச் சொந்தமான பிடி

மூன்றாவது மல்யுத்தக் கம்பெனியிலிருந்தும் விலகினான் மாசிலாமணி. விலகுகிறவன் தன் வேஷத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முதல் கம்பெனி அவனுடைய சிரிப்பை வாங்கிக்கொண்டது, இரண்டாவது, நடையை. இவர்கள் கேட்டது, எதிராளியை அலாக்காகத் தூக்கித் தரையில் அறையும் அந்தப் பிடியை.

“சார், நடக்க முடியாத பொண்டாட்டிய தெனமும் அப்படித்தான் கட்டில்லேர்ந்து தூக்குறேன். அத மட்டும் விட்டுருங்க.”

“அந்தப் பிடிக்குத்தாண்ணே டிக்கெட்டே விக்குது. அண்ணிக்கு ஒரு ஆள் வெச்சுக்குங்க,” என்றார் மேலாளர். பிடியை உறிஞ்சியெடுக்கும் ஊசி அவன் தோளில் இறங்கியது.

அன்று மாலை கட்டிலருகே குனிந்தவனுக்குக் கையை எங்கே கொடுப்பது என்றே விளங்கவில்லை. பிலோமினா அவன் கன்னத்தைத் தட்டினாள். “சரி விடுய்யா. பக்கத்து வூட்டு அக்காவக் கூப்பிடு.”

ஞாயிற்றுக்கிழமை டிவியில், அவன் பிடியை ஏற்றிக்கொண்ட புதுப் பயில்வான் நூற்றிருபது கிலோ எதிராளியை அலாக்காகத் தூக்கினான். அரங்கம் அதிர்ந்தது. ஆனால் அவன் அறையவில்லை. தலைக்குக் கையை அணை கொடுத்து மெல்லக் கிடத்தினான். கால்களை ஒவ்வொன்றாக நேராக்கினான். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பிலோமினா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

“ஊரே என்னயப் பாக்குதுய்யா,” என்றாள். “ஆஃப் பண்ணு.”