தானாக ஓடும் அம்பு
மட்டாஞ்சேரி வீட்டின் முன்னறையில் சுக்குக் கிடங்கின் வாசம் அடிக்கிறது. இசக்கிசெல்வி கை வைக்காத மவுஸ் மேசையில் சும்மா கிடக்க, கம்ப்யூட்டர் திரையில் அம்பு மட்டும் தானாக ஓடுகிறது. பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்னவனை நம்பிக் காலையில் இதில் ஏதோ ஒரு ஆப்பை இறக்கியிருந்தாள். ஓடிபி தரமாட்டேன் என்று இப்போது போனை வைத்ததும், அவன் கோபம் திரைக்குள் புகுந்துவிட்டது. போன வருஷம் இறந்த கணவன் பாண்டித்துரையின் குரல் பதிவுகள் இருக்கிற ஃபோல்டரில் போய் நிற்கிறது அம்பு. அழிக்கட்டுமா என்று மலையாளத்தில் ஒரு பெட்டி எழுகிறது. "மதினி, பிளக்கைப் புடுங்குங்க!" என்று நாத்தனார் சுமா அலறுகிறாள். பிடுங்கியும் திரை அணையவில்லை. கரண்ட் போனாலும் நிற்கக் கூடாதென்று பாண்டித்துரை ஆசையாக வாங்கிவைத்த யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்துகிறது. "உங்கண்ணன் பண்ணின வேலையப் பாருடீ!" என்கிறாள் இசக்கிசெல்வி. "போடா பட்டி!" என்று மலையாளத்தில் நாயென்று திரையைத் திட்டியபடி சுமா நெட் வயரை உருவுகிறாள். 'ஆம்' என்பதற்கு ஒரு நூலளவு தள்ளி அம்பு உறைகிறது. இசக்கிசெல்வி மவுஸைத் தொட, அது அவள் கைக்கு அசைகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு 'வேண்டாம்' என்பதை அழுத்துகிறாள். பெட்டி மறைகிறது, பதிவுகள் வரிசை குலையாமல் இருக்கின்றன. சுமா வயரைத் தலைக்கு மேல் சுழற்றிக் கூவுகிறாள்: "அண்ணன் இருக்கான் மதினி! இங்கதான் இருக்கான்!"