அடி வெல்டு

தல்காவானோ துறைமுகப் பட்டறையில் வெல்டிங் கற்க வந்த ஒரே பெண் ஒதிலியா.

“அடுப்பை விட்டுட்டு இது எதுக்கும்மா உனக்கு?” என்றார் மாஸ்டர் அனிபால்.

“கத்துக்கணும், மாஸ்டர். அடி வெல்டு சரியாப் பிடிக்கலேன்னா என்னாகும்?”

“மேல எத்தனை அடுக்கு போட்டாலும் வீண். ஒருநாள் விட்டுடும்.”

“வெளியில பார்த்தா தெரியாதா?”

“அறுத்துப் பார்த்தாத்தான் தெரியும்.”

பயிற்சி முடியும் தறுவாயில், அறுத்த இரும்புத் துண்டொன்றை அவரிடம் நீட்டினாள். பார்த்ததும் முகம் சுளித்தார்.

“மேல் அடுக்கு சுத்தமா இருக்கு. அடிதான் பிடிக்கவே இல்ல. எவன் போட்டது?”

“வெல்டு விட்டு விழுந்து ஆளைக் கொன்ன கிரேன்ல இருந்து அறுத்தது, மாஸ்டர். மேல் அடுக்கு போட்ட என் புருஷன் அதுக்காக ஜெயில்ல இருக்கார். அடி வெல்டு நீங்க போட்டது.”

 அனிபால் துண்டைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

“நாளையிலிருந்து வகுப்புக்கு வராதே.”